சாண்ட்ரா சிஸ்னெரோஸ் வேலை பார்த்த ஊர் வழியா ஒரு ரவுண்டு: டெக்சாஸ்ல இருந்து சிக்கோ வரை

சனிக்கிழமை, ஐ-10 ரோடு

காலைல ஏழு மணிக்கெல்லாம் கிளம்பணும்னு நேத்து ராத்திரி பெரிய மீட்டிங் போட்டோம், வண்டி ஹூஸ்டன் பக்கத்துல இருக்கற கேட்டிங்கற ஊரை விட்டு வெளிய வரும்போது ஒன்பதரை ஆயிடுச்சு. தம்பி பொண்டாட்டி "அண்ணி, எலுமிச்சை சாதம் கட்டிட்டேன், நடுவுல எங்கயும் நிக்க வேண்டாம்"னு சொன்னா, லூலிங்ல பக்கீஸ் போர்டு தெரிஞ்சதும் முதல்ல இறங்கினது அவதான். பெட்ரோல் பங்க்னுதான் பேரு, உள்ள போனா ஊர்த் திருவிழாக் கடை மொத்தத்தையும் ஏசி ஹால்ல கொண்டு வந்து வெச்ச மாதிரி இருக்கு.

எதுக்கு இந்த ட்ரிப்புன்னு கேட்டவங்களுக்கு: எனக்கு ரொம்ப வருஷமா அமெரிக்க எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்னெரோஸ் மேல பைத்தியம். சிக்காகோவுல 1954-ல பொறந்தவங்க, ஆறு ஆம்பளைப் பசங்களுக்கு நடுவுல ஒரே பொண்ணு, அப்பா மெக்சிகோ சிட்டிக்காரர், சோபாவுக்கு மெத்தையும் துணியும் தைக்கிற வேலை. தன்னை சிக்கானான்னு சொல்லிக்கிறவங்க, அதாவது அமெரிக்காவுல மெக்சிகோ வம்சாவளிப் பொண்ணு, அதை வெட்கப்படாம அரசியலாவே சொல்லிக்கிறது. அவங்களோட 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' இன்னைக்கு அமெரிக்க ஸ்கூல்ல நிறையப் பிள்ளைங்க படிக்கிற புக்கு. தம்பி பொண்ணு ஒன்பதாவது, அவளுக்கும் இந்த வருஷம் அதுதான். "அத்தை, ஒவ்வொரு சாப்டரும் ஒரு பக்கம் ரெண்டு பக்கம்தான், கதை எப்ப ஆரம்பிக்கும்னு பார்த்துட்டே இருந்தேன், புக்கே முடிஞ்சிடுச்சு"ங்கறா. 44 குட்டி அத்தியாயம், அவ சொல்றதுல தப்பே இல்ல.

அந்த புக்கை 1984-ல போட்டது நியூயார்க் கம்பெனி எதுவும் இல்ல, ஹூஸ்டன் யுனிவர்சிட்டிக்குள்ள இருக்கற ஆர்ட்டே பூப்லிகோ பிரஸ். தம்பி பத்து வருஷமா ஹூஸ்டன்ல இருக்கான், அவனுக்கு இது இன்னைக்குத்தான் தெரியும். 1985-ல புக்குக்கு அமெரிக்கன் புக் அவார்டும் கிடைச்சுது, ஆனா சின்ன பதிப்பகம் போட்ட புக்கு, அதை வெச்சு வாடகை கட்ட முடியாது. அடுத்த ஏழெட்டு வருஷம் அவங்க வேலை தேடி ஊர் ஊராப் போனாங்க, அதுல பெரும்பாலும் விசிட்டிங் ப்ரொஃபசர் வேலை. அந்தப் பகுதியைத்தான் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாம்னு இந்த ரூட்டு. நானும் ஒரு காலத்துல கெஸ்ட் லெக்சரரா குப்பை கொட்டினவ, அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் ஓவர் இன்ட்ரஸ்ட், பொறுத்துக்கோங்க.

சரி, இன்னைக்கு மேட்டர். செகின் ஊரைத் தாண்டி சான் அன்டோனியோவுக்கு முன்னாடி ஒரு சின்ன ஓடை வரும், பச்சை போர்டுல 'வுமன் ஹாலரிங் க்ரீக்'னு எழுதியிருக்கும். கத்துற பொம்பளை ஓடை. ஏன் அந்தப் பேரு, கோவத்துல கத்தினாளா வலியில கத்தினாளான்னு ஊருக்குள்ள ஆளுக்கொரு கதை. 1991-ல வந்த சிறுகதைத் தொகுப்புக்கு சிஸ்னெரோஸ் இந்த ஓடை பேரையேதான் வெச்சாங்க. அந்தத் தலைப்புக் கதையில மெக்சிகோவுல இருந்து கல்யாணமாகி செகினுக்கு வந்த கிளியோஃபிலாஸ்னு ஒரு பொண்ணு, டிவி சீரியல் காதலை நம்பி வந்தவ, புருஷன்கிட்ட அடிதான் மிச்சம். கைல ஒரு குழந்தை, வயித்துல ஒண்ணு. கடைசில ஃபெலிஸ்னு ஒருத்தி பிக்கப் ட்ரக்குல வந்து அவளைக் கூட்டிட்டுப் போறா, ஓடையைத் தாண்டும்போது ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே ஃபெலிஸ் டார்ஜான் மாதிரி ஒரு கத்து கத்துறா பாருங்க. அதைவிட கிளியோஃபிலாஸுக்கு ஆச்சரியம் எதுன்னா, அந்த ட்ரக் புருஷனோடது இல்ல, அவளே சம்பாதிச்சுத் தவணை கட்டுறதுங்கறதுதான். அந்த ஒரு வரிக்காகவே அந்தக் கதையை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

75 மைல் ஸ்பீடுல பாலம் ரெண்டு செகண்டுல போயிடும்னு பொண்ணுகிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சிருந்தேன். போர்டு தெரிஞ்சுது, அவ ஜன்னலை இறக்கினா, கத்தினா பாருங்க, தம்பி பதறிப்போய் "ஏய், என்னாச்சு, என்னாச்சு"ன்னு லேன் மாறப் பார்க்கறான், பின்னாடி ட்ரக்குக்காரன் ஹார்ன் அடிக்கிறான். நானும் கத்தலாம்னுதான் இருந்தேன், சிரிப்பு வந்துடுச்சு. அடுத்த எக்ஸிட்ல திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தோம். பெருசா ஒண்ணுமே இல்ல, புதர், கொஞ்சம் தண்ணி, கான்கிரீட் கட்டை. தம்பி "அக்கா, இதுக்காகவா?"ன்னான். ஆமாடா, இதுக்காகத்தான்.

ஞாயிறு, சான் அன்டோனியோ

ஊருக்கு வர்றவங்க எல்லாம் ரிவர் வாக்கும் அலமோவும் பார்ப்பாங்க, மத்தவங்களை அங்க அனுப்பிட்டு நான் வெஸ்ட் சைடு போயிட்டேன். குவாடலூப்பே கல்ச்சரல் ஆர்ட்ஸ் சென்டர் அங்கதான். சுவத்துல ஒரு பெரிய மெழுகுவர்த்தி, கோயில்ல ஏத்துற கண்ணாடிக் கப் மெழுகுவர்த்தி வடிவத்துல, நாலு மாடி உயரம் இருக்கும், ஜெஸ்ஸி ட்ரெவினோங்கற கலைஞர் பதிச்ச மொசைக், நடுவுல குவாடலூப்பே மாதா. கிட்டப் போய்ப் பார்த்தா துண்டு துண்டா உடைஞ்ச டைல்ஸ், தள்ளி நின்னா மாதா முகம். கீழ ஒரு பாட்டி உண்மையான மெழுகுவர்த்தி ஒண்ணு கொண்டு வந்து வெச்சுட்டு, போன்ல பேரன்கிட்ட ஸ்பானிஷ்ல சண்டை போட்டுக்கிட்டே நடந்து போயிட்டாங்க.

1984-ல சிஸ்னெரோஸ் இந்த ஊருக்கு வந்ததே இந்த சென்டர்ல இலக்கியப் பிரிவை நடத்துற வேலைக்குத்தான். சுமார் ஒரு வருஷம். அப்புறம் ஆஸ்டின் பக்கத்துல பைசானோங்கற பண்ணையில தங்கி எழுதுறதுக்கு ஒரு ஃபெல்லோஷிப் கிடைச்சுது, ஜே. ஃபிராங்க் டோபிங்கற டெக்சாஸ் எழுத்தாளரோட பழைய இடம் அது. ஃபெல்லோஷிப் முடிஞ்சதும் டெக்சாஸ்லயே இருக்கணும்னு ஆசை. தனியா ரைட்டிங் கிளாஸ் நடத்தலாம்னு ஆள் சேர்க்கப் பார்த்தாங்க, ஒப்பேறல. அவார்டு வாங்கின புக்கு கைல, கிளாஸுக்கு ஆள் இல்ல. அப்பதான் கலிஃபோர்னியாவுல சிக்கோங்கற ஊர்ல இருந்து வேலை வந்துது, போயிட்டாங்க. அது புதன்கிழமை வரும், இப்ப வேண்டாம்.

மதியம் பீன் அண்ட் சீஸ் டாக்கோ. சைவக்காரங்களுக்கு இந்த ஊர்ல அதுதான் கதி, ஆனா நல்ல கதி, மாவு டார்டியா சுடச்சுட வந்துச்சு, நாலு தின்னேன்.

சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து கிங் வில்லியம் ஏரியா நடந்தோம். 19-ம் நூற்றாண்டுல ஜெர்மன் வியாபாரிங்க கட்டின பெரிய பெரிய வீடு, முன்னாடி பெக்கான் மரம். இங்கதான் சிஸ்னெரோஸ் பின்னாடி வீடு வாங்கினாங்க, 1997-ல அதுக்குப் பளீர்னு ஊதா பெயின்ட் அடிச்சாங்க, ஊரே ரெண்டுபட்டுப் போச்சு. பழமை பாதுகாக்கிற ஏரியா, இந்தக் கலர் வரலாத்துல இல்லன்னு முனிசிபல் கமிஷன் சொல்லுது. இவங்க திருப்பிக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எங்க ஜனங்க வீடும் இந்த ஊர்ல இருந்துச்சே, அதுக்கு ஃபோட்டோவோ ரெக்கார்டோ யார் எடுத்து வெச்சீங்க, இல்லாத ரெக்கார்டை நான் எங்க போய்க் காட்டுறதுன்னு. பேப்பர், டிவி எல்லாம் வந்து, ரெண்டு வருஷம் இழுத்து, கடைசில டெக்சாஸ் வெயில் தீர்ப்பு சொல்லிடுச்சு, பெயின்ட் வெளுத்து லாவெண்டர் மாதிரி ஆனதும் கமிஷன் சரின்னுடுச்சு. இப்ப அவங்க அந்த வீட்டுல இல்ல, மெக்சிகோவுல சான் மிகேல் தே அயெந்தேவுக்குப் போயிட்டாங்க, அதனால வாசல்ல நின்னு ஃபோட்டோ எல்லாம் எடுக்கல, வேற யாரோ வாழுற வீடு.

1995-ல அவங்களுக்கு மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் கிடைச்சுது, நிபந்தனை எதுவும் போடாமக் கொடுக்கற பெரிய பண உதவி அது. அதே வருஷம் இந்த ஊர்ல தன் சமையக்கட்டு மேஜையைச் சுத்தி எழுதுறவங்களை உட்கார வெச்சு ஒரு பட்டறை ஆரம்பிச்சாங்க, மகோண்டோன்னு பேரு, இப்பவும் நடக்குது. பத்து வருஷம் முன்னாடி கிளாஸுக்கு ஆள் சேராத அதே டெக்சாஸ்.

திங்கள், சான் மார்கோஸ், அப்புறம் ஏர்போர்ட்

இன்னைக்கு கம்மியாத்தான் எழுதுவேன், கால் வலி. டெக்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஒரு மேட்டு மேல இருக்கு, படி ஏறி ஏறி முட்டி போச்சு. ஆல்கெக் லைப்ரரி ஏழாவது மாடில விட்லிஃப் கலெக்ஷன்ஸ், சிஸ்னெரோஸோட கைப்பிரதி, லெட்டர், டைரி எல்லாம் அங்கதான் வந்து சேர்ந்திருக்கு. நாவலாசிரியர் கோர்மாக் மெக்கார்த்தி பேப்பரும் அங்கதான். ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான் பெட்டி எடுத்துக் கொடுப்பாங்க, நான் சும்மா கேலரியில சுத்தினவ. பொண்ணுதான் "எழுதுறவங்க வேண்டாம்னு அடிச்சுப் போட்ட பேப்பரை எல்லாம் காசு கொடுத்து வாங்குவாங்களா?"ன்னு வாயைப் பொளந்தா. இனிமே ரஃப் நோட்டைத் தூக்கிப் போடமாட்டாளாம். கீழ இறங்கி ஆத்தங்கரையில கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம், ஊத்துத் தண்ணி, அடியில பாசி ஆடுறது தெரியுது. அப்புறம் என்னை ஆஸ்டின் ஏர்போர்ட்ல இறக்கி விட்டுட்டு அவங்க ஹூஸ்டன் போயிட்டாங்க. நான் இனி தனி.

செவ்வாய், ஹைவே 99

சேக்ரமென்டோவுல வாடகைக் கார் எடுத்து வடக்கே. ரெண்டு பக்கமும் பாதாம் தோப்பு, பிப்ரவரி நடுவுல போனா என்ன ஆகும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம், வெள்ளைப் பூ, இலையே கிடையாது, மைல் கணக்குல வெள்ளை. ரோட்டோரம் தேனீப் பெட்டி அடுக்கடுக்கா, மகரந்தத்துக்காக நாடு முழுக்க இருந்து லாரியில கொண்டு வருவாங்களாம்.

நடுவுல யூபா சிட்டி. இங்க நிறையா சீக்கியக் குடும்பம், நூறு வருஷத்துக்கு மேல. நான் இறங்கினது டீக்காக, ஆனா இந்த ஊருக்கும் என் ட்ரிப்புக்கும் நிஜமாவே ஒரு தொடர்பு இருக்கு. 1900-கள்ல கலிஃபோர்னியா வயல் வேலைக்கு பஞ்சாபி ஆம்பளைங்க வந்தாங்க, 1917 குடியேற்றச் சட்டம் வந்ததும் ஊர்ல இருந்து பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர முடியாது, வெள்ளைக்காரப் பொண்ணைக் கட்டவும் சட்டம் விடாது. கட்டினது மெக்சிகோ பொண்ணுங்களை. மெக்சிகோ எல்லையோரம் இருக்கற இம்பீரியல் வேலியில நிறையா, இந்தப் பக்கமும் கொஞ்சம். பிள்ளைங்களுக்கு முதல் பேரு மரியா, கடைசிப் பேரு சிங். அப்பா சொத்து வாங்க முடியாது, 1913 நிலச் சட்டம் அப்படி. சிஸ்னெரோஸ் குடும்பத்துக்கும் இதுக்கும் ஒட்டு உறவு இல்லதான், ஆனா கலிஃபோர்னியாவுல மெக்சிகோக்காரங்க கதைன்னா எல்லையோரம் மட்டும்தான்னு நினைச்சுட்டு வர்றவங்க இங்க ஒரு அரை மணி நேரம் நிக்கணும். டீ சுமார், சமோசா அருமை.

சிக்கோ வரும்போது இருட்டிடுச்சு.

புதன், சிக்கோ

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், அதனால நீளமாப் போகும்.

அழகான ஊருங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன். சிஸ்னெரோஸ் வேலை பார்த்த சிக்கோ ஸ்டேட் காலேஜ் 1887-ல டீச்சர் ட்ரெய்னிங் ஸ்கூலா ஆரம்பிச்சது, செங்கல் கட்டிடம், வளைவு வாசல், கேம்பஸுக்கு நடுவுல பிக் சிக்கோ க்ரீக் ஓடுது, ரெண்டு பக்கமும் பெரிய பெரிய சிக்கமோர் மரம், மரப்பாலத்துல சைக்கிள் போயிட்டே இருக்கு. பக்கத்துல ஊரை உருவாக்கின ஜான் பிட்வெல்லோட மாளிகை இருந்த இடம், 2024 டிசம்பர்ல தீ வெச்சுக் கொளுத்திட்டாங்க. அதுக்கெல்லாம் முன்னாடி மெச்சூப்டா பழங்குடி ஜனங்க மண்ணு இது.

1987-ல சிஸ்னெரோஸ் இங்க வந்தாங்க, ஒரு கல்வி வருஷத்துக்கு கிரியேட்டிவ் ரைட்டிங் சொல்லிக்கொடுக்க. அந்த வருஷம் இந்த ஊர் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. அதே 1987-ல பிளேபாய் பத்திரிகை நாட்டுலயே நம்பர் ஒன் பார்ட்டி காலேஜ்னு சிக்கோ ஸ்டேட்டைப் போட்டுச்சு. வருஷா வருஷம் நடக்குற பயோனியர் டேஸ் விழா அந்த வசந்தத்துல கலவரமா முடிஞ்சு, காலேஜ் தலைவர் விழாவையே மூடிட்டார். கோடை முடிஞ்சு கிளாஸ் திறக்கும்போது இவங்க வந்து இறங்குறாங்க, 32 வயசு, யாரையும் தெரியாது, டெக்சாஸை விட்டுட்டு வந்த வருத்தம் வேற. இதெல்லாம் சேர்ந்துதான் அவங்களை உடைச்சுதுன்னு நான் சொல்ல வரல, அதை அவங்கதான் சொல்லணும், சொல்லியும் இருக்காங்க: தனக்குப் பாடம் நடத்தவே வராது, எதுக்குமே லாயக்கில்லன்னு தோணிப்போச்சு, உயிரை விட்டுடலாமான்னு நினைக்கிற அளவுக்குப் போன வருஷம் அதுன்னு.

இதை முதல்ல படிச்சப்ப எனக்கு நம்பவே முடியல. அந்த வருஷம் அவங்க கவிதைப் புக்கு 'மை விக்கெட் விக்கெட் வேஸ்' வந்துது, நோர்மா அலார்கோன் நடத்தின தேர்ட் உமன் பிரஸ் போட்டது. மேங்கோ ஸ்ட்ரீட் வந்து மூணு வருஷம். வெளிய இருந்து பார்த்தா ஏறுமுகம்தான். ஆனா விசிட்டிங் வேலை எப்படின்னு அதுல இருந்தவங்களுக்குத் தெரியும். உனக்குக் கொடுக்குற ரூம் லீவுல போன யாரோ ஒருத்தரோடது, ஷெல்ஃப்ல அவர் புக்கு, சுவத்துல அவர் குடும்ப ஃபோட்டோ. டிபார்ட்மென்ட் மீட்டிங்ல அடுத்த வருஷப் பாடத்திட்டம் பேசுவாங்க, நீ அப்ப இருக்கமாட்ட. எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. மேலும் அவங்க அயோவாவுல எம்.எஃப்.ஏ., அதாவது எழுத்துக் கலையில மாஸ்டர்ஸ், படிச்ச காலத்துலயே இந்த மாதிரி ரூம்ல வாயடைச்சு உட்கார்ந்தவங்க. அங்க ஒரு செமினார்ல பாஷ்லார்ங்கற பிரெஞ்சு தத்துவவாதி வீட்டைப் பத்தி எழுதினது ஓடுது, மச்சு, நிலவறை, பால்ய நினைவு அது இதுன்னு எல்லாரும் பேசுறாங்க, இவங்களுக்குத் தெரிஞ்சதோ சிக்காகோ வாடகை ஃபிளாட்டு. அந்த வெட்கம் கோவமா மாறினதுலதான் மேங்கோ ஸ்ட்ரீட்டே பிறந்துச்சு. பத்து வருஷம் கழிச்சு அதே மாதிரி கட்டிடத்துல, இந்தத் தடவை டீச்சர் நாற்காலியில.

அதுல இருந்து எப்படி வெளிய வந்தாங்கன்னா, ஒரு லெட்டர். நேஷனல் எண்டோமென்ட் ஃபார் தி ஆர்ட்ஸ்ங்கற அமெரிக்க அரசாங்கக் கலை நிதி அமைப்போட ஃபெல்லோஷிப், அவங்களுக்கு ரெண்டாவது தடவை. முதல் தடவை 1980-களோட ஆரம்பத்துல கிடைச்ச பணத்துலதான் கிரீஸ்ல ஹைட்ரா தீவுல உட்கார்ந்து மேங்கோ ஸ்ட்ரீட்டை முடிச்சாங்க. இந்தத் தடவை அது உயிரைக் காப்பாத்துச்சுன்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க.

இங்கதான் எனக்கு ஒரு சண்டை இருக்கு. எழுத்தாளர்னா அலையணும், அடிபடணும், அப்பதான் எழுத்து வரும்னு சொல்ற கூட்டம் ஒண்ணு எல்லா மொழியிலயும் இருக்கு. சிக்கோ வருஷம் அவங்களை எழுத்தாளராக்கலைங்க. எழுத விடல. எழுத விட்டது பணம், அதுவும் திருப்பிக் கேட்காத, கிளாஸ் எடுக்கச் சொல்லாத பணம். 1988-ல பெர்க்லி, 1990-ல இர்வைன், அதே வருஷம் மிச்சிகன், 1991-ல நியூ மெக்சிகோ, எல்லாமே விசிட்டிங்தான். நடுவுல சூசன் பெர்க்ஹோல்ஸ்ங்கற ஏஜென்ட் இவங்க எழுத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க, ரேண்டம் ஹவுஸ்ங்கற பெரிய பதிப்பகம் காசு கொடுத்தது, நான் சனிக்கிழமை சொன்ன அந்த ஓடைக் கதைத் தொகுப்பு 1991-ல வந்துது, மேங்கோ ஸ்ட்ரீட்டை வின்டேஜ் பதிப்பகம் மறுபடி போட்டது. அது இப்ப 60 லட்சம் பிரதிக்கு மேல வித்திருக்கு. அதுக்கு மேல அவங்க யார் ரூம்லயும் விருந்தாளியா உட்கார வேண்டிய தேவை வரல.

மதியம் கேம்பஸ் பக்கத்துல ஒரு காபிக் கடையில பில் போட்ட பொண்ணுகிட்ட கேட்டேன், மேங்கோ ஸ்ட்ரீட் படிச்சிருக்கியான்னு. "எட்டாவதுல. அந்த ஷூ கதைதான் ஞாபகம் இருக்கு, ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டு தெருவுல நடப்பாங்களே." அவங்க இங்க டீச்சரா இருந்தாங்கன்னு சொன்னேன். "இங்கயா? சிக்கோவுலயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டா, அப்புறம் உள்ள இருந்த இன்னொருத்தனைக் கூப்பிட்டு அவன்கிட்டயும் சொன்னா. அவன் "யாரு?"ன்னான்.

வியாழன், திரும்புற வழி

காலைல பொண்ணுகிட்ட இருந்து மெசேஜ். கிளாஸ்ல ப்ரெசன்டேஷனாம், ஓடையில கத்தின வீடியோவைப் போடலாமான்னு டீச்சர்கிட்ட கேட்டிருக்கா, டீச்சர் அந்தக் கதையையும் படிச்சுட்டு வந்து பேசுன்னு சொல்லிட்டாங்களாம். "அத்தை, அந்தக் கதையில புருஷன் அடிக்கிறது எல்லாம் வருமே, அம்மா படிக்க விடுவாங்களா?" விடுவா, நான் பேசிக்கறேன்னு போட்டேன். பேசியாச்சு. "அண்ணி, நானும் சேர்ந்தே படிச்சுடறேன்"னு சொல்லிட்டா, புக்கு ஆர்டர் போட்டாச்சு.

பெர்க்லி போகலாம்னுதான் பிளான், ஆனா அங்க சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, இந்தப் பதிவுல வேண்டாம். அடுத்தது நியூ மெக்சிகோவுல இருக்கற ஆல்புகர்க்கி. தம்பிகிட்ட வண்டி கேட்டேன், "அக்கா, ஹூஸ்டன்ல இருந்து பதிமூணு மணி நேரம், நீ தனியா ஓட்டினா அம்மா என்னைக் கொன்னுடுவாங்க"ன்னான். மார்ச் கடைசில ஃப்ளைட் டிக்கெட் மலிவா இருக்கு, பார்த்துட்டு இருக்கேன். ஆல்புகர்க்கில யாராவது தமிழ் ஆளுங்க இருந்தா சொல்லுங்க, பச்சை மிளகாய் எங்க நல்லா கிடைக்கும்னு முக்கியமாத் தெரியணும்.